மாப்பிள்ளையின் இடது முன்கால்

ஊசி என்ற பெயரை அவளுக்கு வைத்தது தார்ப்பாய்க் கடையில் கூட வேலை பார்த்தவர்கள். ஆள் ஒல்லி, வாயைத் திறந்தால் சுருக்கென்று தைக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயராக வைத்துவிட்டார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். லாரிகளுக்கு மூடுதுணி, கடைவாசல்களுக்கு மறைப்பு, மழைக்காலத்தில் ஒழுகும் கூரைகளுக்குப் போர்த்தும் பாய் எல்லாம் தைக்கும் இடம் அது. சிறு பெண்ணாகப் போய்ச் சேர்ந்தவள், தலை நரைத்த பிறகும் அதே ஜன்னலோர மெஷினில்தான் உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "வந்தவனுக்கெல்லாம் நூல் கோக்கவே தெரியல" என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணன் குதிரையேற்றப் பள்ளி ஒன்றில் காவலாளி. அங்கே ஒரு பழுப்பு நிறக் குதிரைக்கு வயதாகி, இனி யாரையும் ஏற்றிக்கொண்டு ஓடாது என்று கழித்துவிட்டபோது, அதை யாருக்கோ தள்ளிவிடுவதற்கு முன்னால் இவன் கயிற்றைப் பிடித்து வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்துவிட்டான். பின்பக்கம் தகரக் கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது. விடுமுறை நாட்களில் ஏரிக்கரைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய்க் குழந்தைகளை ஏற்றி மெதுவாக ஒரு சுற்று சுற்றிவருவான். மற்ற நாட்களில் அது கொட்டகையில் நின்று தின்றது.

அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்ததும் அவன்தான். "வேலை வெட்டி கிடையாது, வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தாகணும், மரியாதை கொஞ்சம் குறைஞ்சா மூஞ்சியைத் திருப்பிக்குது. வேற என்ன பேர் வைக்கிறது?" என்றான். அப்புறம் தங்கையைப் பார்த்து, "உனக்குத்தான் அமையல, வீட்டுக்காவது ஒரு மாப்பிள்ளை வரட்டும்" என்றான். ஊசிதான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள். அவளைப் பெண் கேட்டு ஆட்கள் வருவது நின்றுபோனதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான்.

அண்ணி மாணவர் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்தாள். பெரிய அண்டாக்களைத் தூக்கித் தூக்கித் தோள் அகன்ற உடம்பு. நடை மெதுவு, பேச்சு அதைவிட மெதுவு. எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்ல மாட்டாள். பிள்ளைகள் இல்லை. முதலில் குதிரையைக் கண்டாலே பயப்பட்டவள், பிறகு விடுதியில் மிஞ்சிய கேரட் தோலைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, "சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்று கையை நீட்டும் அளவுக்கு வந்துவிட்டாள்.

ஒரு விடிகாலையில், குதிரைக்குத் தண்ணீர் வைக்கப் போன அண்ணன் கொட்டகையிலேயே விழுந்து இறந்துபோனான். இதயம் நின்றுவிட்டது. உடனே பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். ஆனால் ஊசிக்கு மனசு ஆறவில்லை. வீடு நிறைய உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது அண்ணியைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க அறைக்கும் கொட்டகைக்கும் ஒரு சுவர்தானே. விழுந்த சத்தம் கேட்கலையா?"

"கேட்டுது" என்றாள் அண்ணி. "குதிரை வாளியை உதைக்குதுன்னு நெனச்சேன். தினமும் உதைக்குமே."

"கேட்டுட்டுமா படுத்திருந்தீங்க, அண்ணி?"

அண்ணி தலை குனிந்து தன் இரண்டு கைகளையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அன்றோடு அவர்களுக்குள் பேச்சு நின்றது.

பிரிந்துபோயிருக்கலாம். ஆனால் வாடகை வீடு இருவர் சம்பளத்தில் ஓடியது. பின்னால் குதிரை வேறு நின்றது. காலையில் ஊசி குதிரையின் லத்தியை அள்ளித் தண்ணீர் வைப்பாள். மாலையில் அண்ணி தீனி வைப்பாள். சொல்லியே ஆகவேண்டிய விஷயங்களைக் குதிரையிடம் சொல்லுவார்கள். சொன்னது மற்றவள் காதில் விழும்.

"மாப்பிள்ளை, நேத்து யாரோ வாசல் விளக்கை அணைக்காமலே தூங்கிட்டாங்க."

"மாப்பிள்ளை, நாளைக்குக் குழாயில தண்ணி வராதாம். பிடிச்சு வைக்கிறவங்க பிடிச்சு வைக்கட்டும்."

குதிரை இரண்டு பக்கமும் காதைத் திருப்பிக் கேட்டுக்கொள்ளும். வெளியாள் யாராவது பார்த்தால் வேடிக்கையாக இருந்திருக்கும். வீட்டுக்குள்ளே யாரும் சிரிக்கவில்லை. இப்படியே சில வருஷங்கள் போயின.

பூங்காச் சவாரி அண்ணனோடு முடிந்தது. ஆனாலும் கிழட்டுக் குதிரை நின்றுகொண்டே இருந்தால் மூட்டு இறுகிவிடும் என்று, ஊசி விடுமுறை நாட்களில் அதை ஏரி வரைக்கும் நடத்திக்கொண்டு போய்வருவாள். அப்படி ஒரு நாள் அவள் கயிற்றை அவிழ்க்கும்போது, அண்ணி கொல்லைக் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"மாப்பிள்ளை, ஏரி ரோட்டுல புது ஜல்லி கொட்டியிருக்காங்க. உங்களுக்கு உள்ளங்கால் மெல்லிசு."

ஊசிக்கு நன்றாகவே கேட்டது. சுற்றுவழியாகப் போயிருக்கலாம், கொஞ்சம் தூரம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் சொன்னது அண்ணி. ஊசி நேராக ஏரி ரோட்டிலேயே போனாள். ஜல்லி ரோட்டின் பாதிவரை குதிரை ஒன்றும் காட்டவில்லை. பிறகு இடது முன்காலை வைத்தவுடன் சட்டென்று தலையைத் தூக்கியது. குனிந்து பார்த்தாள். குளம்பின் அடியில் கூரான கல் ஒன்று பதிந்திருந்தது. விரலால் நெம்பி எடுத்தாள். ரத்தம் இல்லை. ஓட்டை இல்லை. சரி, ஒன்றுமில்லை என்று திரும்பி நடத்தி வந்தாள்.

இரண்டு மூன்று நாள் கழித்துக் காலையில் போய்ப் பார்க்கும்போது, அது அந்தக் காலைத் தரையில் ஊன்றாமல் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு நின்றது. தீனியைத் தொடவில்லை. நெற்றியிலும் விலாவிலும் வியர்த்திருந்தது. குளம்பைத் தொட்டால் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த செங்கல் மாதிரி சுட்டது. ஊசி காலைத் தூக்கிப் பார்க்க முயன்றாள். வலது முன்காலில் பாரம் ஏறியதும் கிழட்டு உடம்பு நடுங்கிச் சரிந்தது. ஒரு கையால் அதன் தோளைத் தாங்கியபடி, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அண்ணி விடுதிக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளைக்கு முடியல" என்றாள் ஊசி, கொஞ்சம் உரக்க.

இந்தத் தடவை அதைக் குதிரையிடம் சொன்னதாக வைத்துக்கொள்ள முடியாது. அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

கால்நடை டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. வேனில் வந்து இறங்கிக் குதிரையைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, கணுக்காலுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். "நாடி தடதடன்னு அடிக்குது, தொட்டுப் பாருங்க" என்றார். பெரிய குறடு ஒன்றால் குளம்பின் அடியை அங்கங்கே மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார். ஒரு இடம் வந்ததும் குதிரை முழு உடம்பையும் பின்னால் இழுத்தது.

"இங்கதான். கல்லு நசுக்கின இடத்துல உள்ளுக்குள்ள சீழ் கட்டியிருக்கு. வெளிய வர வழியில்லாம அழுத்துது. நகத்துக்கு அடியில சீழ் வெச்சா நமக்கு எப்படி இருக்கும், அதுதான். என்ன, இதுக்கு அந்தக் கால்லயே நிக்கணும்."

வளைந்த கத்தியால் அந்த இடத்தைச் சன்னமாகச் செதுக்கினார். முதலில் வெள்ளையாகத் தூள் விழுந்தது. பிறகு ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அதையே பின்தொடர்ந்து போனார். திடீரென்று சாம்பல் நிறத்தில் மெல்லிய தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. நாற்றம் கொட்டகையை நிறைத்தது. குதிரை நீளமாக ஒரு மூச்சு விட்டது. ஊசியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றத்தால்தான் என்று அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் இன்ஜெக்ஷன் ஒன்றைப் போட்டுவிட்டு வைத்தியத்தைச் சொன்னார். காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீரில் எப்சம் சால்ட் என்கிற பேதி உப்பைக் கரைத்துக் குளம்பை ஊறவைக்க வேண்டும். துடைத்து, ஓட்டையில் சீழை இழுக்கும் களிம்பை வைத்து, பஞ்சு வைத்து, அதன்மேல் குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர் ஒன்றைப் போட்டு, மேலே பட்டை டேப்பால் இறுக்கமாகச் சுற்ற வேண்டும். அழுக்கோ ஈரமோ உள்ளே போகக்கூடாது. கீழே மரத்தூளை மெத்தை மாதிரி கனமாகப் பரப்ப வேண்டும்.

"ஒருத்தரால முடியாது" என்றார். "ஒருத்தர் காலைத் தாங்கணும், ஒருத்தர் கட்டணும். வீட்ல ரெண்டு பேர் இருக்கீங்கல்ல?"

"இருக்கோம்" என்று அண்ணிதான் சொன்னாள்.

அண்ணி தாங்கினாள், ஊசி கட்டினாள். வேறு விதமாகப் பிரித்துக்கொள்ள முடியாது. அண்ணியிடம் தோள் இருந்தது, ஊசியிடம் விரல் இருந்தது. அண்ணி கீழே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, குதிரையின் முழங்காலைத் தன் தொடைமேல் ஏற்றிக்கொள்வாள். மூன்று காலில் நிற்கத் தெம்பில்லாத கிழடு, பாரத்தை முழுக்க அவள்மேல் சாய்த்துவிடும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "நிதானமா, மாப்பிள்ளை, நிதானமா" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். முதல் நாள் டேப்பைச் சுற்றும்போது கால் வழுக்கியது.

"அண்ணி, இன்னும் கொஞ்சம் தூக்குங்க" என்றாள் ஊசி.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. அண்ணி நிமிர்ந்து பார்க்கவில்லை. காலை இன்னும் கொஞ்சம் தூக்கினாள்.

அதற்குப் பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. வேலையே பேச்சைக் கேட்டது. தண்ணி சூடா இருக்கா, கத்தரிக்கோல் எங்க, இந்தப் பக்கம் இறுக்காதே, அங்க தொங்குது பாரு. கட்டு ஈரமாவதைத் தடுக்க ஊசி கடையிலிருந்து தார்ப்பாய்த் துண்டுகளைக் கொண்டுவந்து, அடியில் டயர் ரப்பர் வைத்து, சுருக்குக் கயிறு கோத்து ஒரு காலுறை தைத்தாள். பார்க்கச் சின்னக் கூடாரம் மாதிரி இருந்தது. அதை மாட்டிவிட்ட அன்று குதிரை குனிந்து தன் காலையே முகர்ந்து பார்த்துவிட்டு அண்ணியை ஒரு பார்வை பார்த்தது.

"என்ன மாப்பிள்ளை, ஒத்தக்கால் பூட்ஸ்தான் கிடைச்சுது. பொறுத்துக்குங்க" என்றாள் அண்ணி.

டயப்பர் வாங்கப் போகிறவள் அண்ணி. ஒரு மாலை வந்ததும் வராததுமாகக் கொட்டகை வாசலில் நின்று சொன்னாள்: "கடைக்காரர் கேட்கிறார், தினமும் வாங்குறீங்களே, குழந்தைக்கு என்ன வயசுன்னு."

"என்ன சொன்னீங்க?"

"இருபத்தேழுன்னேன்."

ஊசிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அண்ணியும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. குதிரையும் அந்த வாரம் தேறியிருந்தது. காலை ஊன்றியது, தீனியை முடித்துவிட்டு வாளியை உதைத்தது. ஊசி மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்: மழை வருவதற்குள் ஏரிக்கு நடத்திக்கொண்டு போகலாம், சுற்றுவழியாக.

அந்த நாட்களில் அவள் ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜல்லி பற்றி அன்றைக்கே சொன்னேனே என்று அண்ணி கேட்கப்போகிறாள் என்று. காலை மடியில் தாங்கி உட்கார்ந்திருக்கும்போது, கை வலிக்கிறது என்று இடம் மாறும்போது, எப்போது வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன பதில் சொல்வது என்று ஊசி தையல் மெஷினில் உட்கார்ந்து யோசித்து வைத்திருந்தாள். அண்ணி கேட்கவே இல்லை.

பிறகு ஒரு காலை, கட்டைப் பிரித்தபோது ஓட்டை காய்ந்திருந்தது, ஆனால் குளம்புக்கு மேலே முடி தொடங்கும் விளிம்பில் ஈரமாக, புடைத்து, ஒரு புதுப் புண் உடைந்திருந்தது. அதிலிருந்து அதே நாற்றம் வந்தது. குதிரை மறுபடியும் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

டாக்டர் இந்தத் தடவை எக்ஸ்ரே எடுக்கும் கருவியோடு வந்தார். லாடக்காரரையும் வரச் சொல்லியிருந்தார். லாடக்காரர் அண்ணன் காலத்திலிருந்து தெரிந்தவர். எதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பார். அன்று குளம்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார். அதுதான் ஊசிக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

வேனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டாக்டர் படத்தைக் காட்டினார். "சீழ் கீழ வடிஞ்சது பாதிதான். மீதி மேல ஏறி வழி தேடியிருக்கு. குளம்புக்குள்ள இருக்கிற எலும்போட ஓரம் அரிச்சிருக்கு, இங்க பாருங்க. வயசான குதிரைக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி. கோடை வந்தும் இதுக்கு முடி உதிராம அடர்த்தியாவே நிக்குது பாருங்க, அதுவும் ஒரு நோய்தான். ஆனா இப்ப எனக்குப் பெரிய கவலை இந்தக் கால் இல்ல."

அவர் வலது காலைத் தொட்டுக் காட்டினார். இத்தனை நாள் முழு பாரத்தையும் சுமந்த அந்தக் குளம்பும் சூடாக இருந்தது.

"நல்ல கால் விட்டுக்கொடுக்க ஆரம்பிச்சிடுச்சு. உள்ள எலும்பைப் பிடிச்சு வெச்சிருக்கிற சவ்வு பிரிஞ்சு, எலும்பு கீழ இறங்கும். அது இறங்கிட்டா நிக்க ஒரு கால் கூட இருக்காது. நான் மருந்து தர்றேன், வலி கொஞ்சம் குறையும். ஆனா நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க. ரொம்ப நாள் தள்ளாதீங்க."

அவர் போன பிறகு இருவரும் கொட்டகையில் நின்றார்கள். மருந்தின் வேகத்தில் குதிரை தலையைத் தொங்கப் போட்டிருந்தது.

"விட்டுடலாம்" என்றாள் அண்ணி.

"எதை?"

"அதைத்தான். போதும், ரொம்பப் பட்டுடுச்சு. டாக்டரம்மாகிட்ட சொல்லி வலியில்லாம அனுப்பிடலாம்."

ஊசிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபம் என்று யோசிக்க அவள் நிற்கவில்லை. "உங்களுக்கு என்ன, எதையும் விட்டுட்டுப் படுத்துக்கறது சுலபம்" என்றாள்.

வாய் தைத்துவிட்டது. இனி பிரிக்க முடியாது. அண்ணி முகம் மாறவில்லை. முக்காலியை எடுத்து மூலையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஆனால் மறுநாள் காலை சுடுதண்ணீர் வாளியோடு வந்து, முக்காலியைப் போட்டு, உட்கார்ந்து, காலை மடியில் ஏற்றிக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. குதிரையிடம்கூடப் பேசவில்லை.

அந்த மௌனத்திலேயே வேலை நடந்தது. ஊறவைத்தார்கள், துடைத்தார்கள், கட்டினார்கள். ஊசி கடைக்கு லீவு போட்டுவிட்டாள். வலது குளம்புக்கும் அடியில் தடித்த ரப்பர் நுரையை வெட்டிக் கட்டினாள். கேள்விப்பட்டதை எல்லாம் செய்தாள். ஐஸ் வாங்கி வந்து குளம்பைச் சுற்றிக் கட்டினாள். மரத்தூளை இன்னும் இரண்டு மூட்டை கொட்டினாள். குதிரை இப்போது பெரும்பாலும் படுத்தே கிடந்தது. எழும்போது முன்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பின்கால்களில் பாரத்தைப் போட்டு, நெருப்பின்மேல் நிற்பதுபோல் நிற்கும். கொஞ்ச நேரம்தான், பிறகு முனகிக்கொண்டே மறுபடியும் சரியும். இடுப்பெலும்பு முட்டிய இடங்களில் தோல் தேய்ந்து சிவந்தது. வைத்த தீனியை அண்ணி மாலையில் அப்படியே அள்ளிக்கொண்டு போவாள். கேரட் தோலைக்கூட உதட்டால் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடும்.

ஊசி தினமும் ஒரு நல்ல அடையாளத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். இன்றைக்குக் காது நிமிர்ந்திருக்கிறது. இன்றைக்கு இரண்டு வாய் தண்ணீர் அதிகம். அதைச் சொல்ல ஆளில்லாமல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகு ஒரு காலை வலது குளம்பின் கட்டைப் பிரித்தாள். அடிப்பகுதி தட்டையாக இல்லை. பிறை வடிவத்தில் வெளியே புடைத்துக்கொண்டு, நடுவில் ஒரு கீறலிலிருந்து ரத்தம் கசிந்திருந்தது. உள்ளே எலும்பு இறங்கிவிட்டது என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவள் மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலைத் தாங்கிக்கொண்டிருந்த அண்ணிக்கு அந்தப் பக்கம் தெரியாது. ஊசியின் முகம்தான் தெரிந்தது.

"டாக்டரம்மாவை வரச் சொல்லிடுங்க, அண்ணி" என்றாள் ஊசி.

மதியம் வருகிறேன் என்றார் டாக்டர். கொட்டகைக்குள் வைத்து முடித்தால் பிறகு வெளியே எடுக்க முடியாது, வண்டி வரக்கூடிய இடத்துக்கு, பக்கவாட்டுச் சந்தின் வாசலுக்கு, எப்படியாவது நடத்திக் கொண்டுவந்துவிடுங்கள் என்றும் சொன்னார். கொட்டகையிலிருந்து அந்த வாசலுக்கு வழி முழுக்கச் சிமெண்ட் தரை. நல்ல காலுள்ள குதிரைக்கு நாலு எட்டு.

ஊசி கடையிலிருந்து கொண்டுவந்திருந்த தார்ப்பாய்களை எல்லாம் மடித்து மடித்து விரித்தாள். போதவில்லை. அண்ணி உள்ளே போய்த் தன் மெத்தையை உருட்டிக்கொண்டு வந்தாள். பிறகு ஊசியின் மெத்தையும் வந்தது. சோபாவின் திண்டுகளும் வந்தன. குதிரையை எழுப்ப இருவரும் தோள்கொடுத்தார்கள். எழுந்தது. முதல் மெத்தையில் காலை வைத்துவிட்டு நின்றது, உடம்பெல்லாம் நடுங்கியது. ஊசி கயிற்றை இழுக்கவில்லை. முன்னால் நின்று கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தாள். "வாங்க மாப்பிள்ளை, கொஞ்ச தூரம்தான், வாங்க." பின்னால் தாண்டிய மெத்தையை அண்ணி எடுத்துக்கொண்டு முன்னால் ஓடிவந்து போடுவாள். அது ஓர் எட்டு வைக்கும், நிற்கும். வைக்கும், நிற்கும். பாதி வழியில் தலையைக் கொண்டுவந்து ஊசியின் நெஞ்சில் முட்டி அப்படியே வைத்துக்கொண்டது. வெளியே சந்தில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் ஊசி சொன்னாள். "அண்ணி, அன்னிக்கு நீங்க ஜல்லின்னு சொன்னது எனக்குக் கேட்டுது."

"தெரியும்" என்றாள் அண்ணி. குனிந்து மெத்தையின் சுருக்கத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "தலையைத் தூக்காம பிடிச்சுக்கோ. இந்தப் பக்கம் சரியுது."

அவ்வளவுதான். ஊசி மேலே ஏதாவது வரும் என்று நின்றாள். திட்டு வந்திருந்தால்கூட அவளுக்கு ஏதோ கிடைத்த மாதிரி இருந்திருக்கும்.

டாக்டர் வேலையைச் சுத்தமாகச் செய்தார். முதலில் மயக்கத்துக்கு ஒன்று, பிறகு மற்றது. குதிரை பின்னங்கால் மடிந்து மெதுவாகவே உட்கார்ந்து, பக்கவாட்டில் சரிந்தது. ஊசி கழுத்தைக் கட்டிக்கொண்டு கூடவே தரைக்குப் போனாள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். அண்ணி கட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள். தார்ப்பாய்க் காலுறையைக் கழற்றினாள். "எதுக்கு அதைப் போட்டு அனுப்பணும், உறுத்தும்" என்றாள். பிறகு அந்தக் குளம்பை ஈரத்துணியால் துடைத்தாள். ஓட்டை, விளிம்புப் புண், இடுக்கு எல்லாவற்றையும் துடைத்தாள். வண்டி வந்து, ஆட்கள் இறங்கி, தள்ளிக்குங்க அம்மா என்று சொல்லும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அன்றிரவு படுக்க மெத்தை இல்லை. இரண்டும் கறைபட்டு, கிழிந்து வெளியே கிடந்தன. ஆளுக்கொரு அறையில் வெறும் தரையில் படுத்தார்கள்.

பேச்சு நின்றுவிடவில்லை. அதுதான் ஊசிக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அண்ணி நேராக முகத்தைப் பார்த்தே பேசினாள். சாப்பிடுறியா, கதவைச் சாத்திடு, நாளைக்கு எனக்குச் சீக்கிரம் போகணும். சண்டைக்காரியிடம் பேசாமல் இருப்பவளின் விறைப்பு அவளிடம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மரியாதை இருந்தது. ஊசி ஒரு நாள் அவள் வரும் நேரத்துக்கு டீ போட்டு வைத்து, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அன்று கொட்டகைச் சத்தத்தைப் பற்றிக் கேட்டதற்கும் சேர்த்து, எல்லாவற்றுக்கும். அண்ணி வந்து டீயைக் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "என் தங்கச்சி கூப்பிடறா. அவளுக்கும் வயசாயிடுச்சு, தனியா இருக்கா. மாசக் கடைசில போறேன்" என்றாள்.

ஊசி, "சரி அண்ணி" என்றாள்.

அண்ணி ஒரு பெட்டியோடு போனாள். ஊசி வீட்டின் முன்னறையை மட்டும் வைத்துக்கொண்டாள். மீதியை வீட்டுக்காரர் வேறு ஆளுக்கு விட்டார். கொட்டகையில் இப்போது பழைய மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. சில நேரம் அண்ணி போன் பண்ணுவாள்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு. உன் முட்டி வலி எப்படி இருக்கு?"

"இருக்கு."

ஒரு தடவை மட்டும் ஊசி துணிந்து கேட்டாள். "திரும்பி வர்றீங்களா, அண்ணி? இங்க இடம் இருக்கு, ரெண்டு பேருக்குப் போதும்."

"வந்து என்ன பண்ணப்போறேன்?" என்றாள் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்ன மாதிரி இருந்தது.

போன மழைக்காலத்துக்கு முன்னால், குதிரையேற்றப் பள்ளியிலிருந்து கடைக்கு ஒரு ஆர்டர் வந்தது. பத்துப் பன்னிரண்டு குதிரைகளுக்கு மழைப் போர்வை தைக்க வேண்டும். முதலாளி சந்தோஷமாக ஊசியின் மெஷினுக்கு வந்தார்.

"இது உனக்கு வந்த வேலை. நம்ம கடையிலயே உனக்குத்தான் குதிரையோட அளவெல்லாம் தெரியும்."

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் ஊசி.

"என்ன விளையாடறியா? வீட்ல வெச்சுப் பார்த்துக்கிட்டியே."

"பார்த்துக்கிட்டேன்" என்றாள். "வேற யார்கிட்டயாவது குடுங்க."

முதலாளி அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். துணியைப் பக்கத்து மெஷினுக்கு எடுத்துக்கொண்டு போனார். ஊசி லாரி மூடுதுணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்து, மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.